ஓடிப்போன பட்டன்

ரத்னசபாபதி பேச ஆரம்பித்தால் ஏசி மெஷினே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்குமாம். கோயம்புத்தூரில் வெப்சைட் வடிவமைப்பவர்கள் கூடிய மாநாடு. தன் கம்பெனி செய்த சேலைக்கடை வெப்சைட்டை அவர் மேடையில் காட்டிக்கொண்டிருந்தார். கீழே அவருடைய ஆட்கள். அதில் இருளப்பன் வேலைக்குப் புதுசு.

“எங்க ஆள்கிட்டயே கேப்போம். இருளப்பா, இதுல குறை உண்டா?”

வெளியாட்கள் முன்னால் குறை சொன்னால் வேலை போகும் என்று வரும் வழியிலேயே மிரட்டியிருந்தார். குறை இல்லை என்று சொன்னால் அது பொய். இருளப்பன் மேடைக்கு நடந்தபடியே தன் போனில் எழுத்தை, கண் மங்கிய அம்மா வைத்திருக்கும் அளவுக்குப் பெரிதாக்கினான்.

“எனக்கென்ன சார் தெரியும்? உங்க கையால எங்கம்மாவுக்கு ஒரு சேலை வாங்கிக் குடுங்க, போதும்.”

அந்த வெப்சைட்டைத் திறந்து, மேடைத் திரையிலும் தெரியும்படி இணைத்து, போனை அவரிடம் நீட்டினான். அவர் தேய் தேயென்று தேய்த்தார். பெருத்த எழுத்து தள்ளிய தள்ளில் ‘வாங்கு’ பட்டன் திரையை விட்டே ஓடிப்போயிருந்தது. அரங்கம் சிரித்தது.

ரத்னசபாபதி கீழே தன் ஆட்களில் ஒருத்தியை நோக்கிக் கையை நீட்டினார். “இதைச் செஞ்சது அந்த ஜெசிந்தா!”

ஜெசிந்தா, இருளப்பனுக்கு வேலை பழக்கிய அக்கா. பெரிய எழுத்திலும் சோதிக்கணும் என்று அவள் கெஞ்சியதையும், “கிழவிங்களா வாங்கப் போறாங்க?” என்று அவர் தட்டிவிட்டதையும் இருளப்பன் காதால் கேட்டவன். சொல்ல வாயைத் திறந்தான். வேலை ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டான்.

மத்தியானம் சாப்பாட்டுக்கூடத்தில் ஆளாளுக்கு அவன் கையைக் குலுக்கினார்கள். ஜெசிந்தா தட்டோடு வேறு மேசைக்கு நடந்தாள்.

“அக்கா...”

“நல்லா பண்ணே இருளப்பா. உங்கம்மாவுக்குச் சேலை கிடைச்சுதா?”