அருமைநாயகத்தின் பிஸ்டன் ரிங்

அருமைநாயகத்துக்குப் பொறுமை அறவே போய்விட்டது. ஐம்பது வயதைத் தாண்டின மனுஷன். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டே கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் பகுதி நேரமாக ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கிறார். இந்த மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. இத்தனை வருஷம் பட்ட பாடெல்லாம் தண்டம். அவருடைய வழிகாட்டி பேராசிரியை மணிமொழி, அவரைவிட நிறைய இளையவர். அதில் இருந்த கூச்சமெல்லாம் முதல் வருஷத்தோடு சரி.

வேலை என்னவோ எளிமையானதுதான். என்ஜின் பிஸ்டன் ரிங்குக்கென்று அவர் ஒரு புது வார்ப்பிரும்பு செய்திருந்தார். அந்த ரிங்கின் துண்டு ஒன்றை சிலிண்டர் துண்டின் மேல் அழுத்தி வைத்து, எண்ணெய் சொட்டவிட்டு, மெஷினில் முன்னும் பின்னும் உரச விட வேண்டும். ஆரம்பத்தில் கொஞ்சம் தேயத்தான் செய்யும். இரண்டும் ஒன்றோடொன்று இழைந்து பொருந்திவிட்டால் தேய்மானம் அடங்கிவிடும். நல்ல இரும்பென்றால் சீக்கிரமே அடங்கும்.

அடங்கினால்தானே. அந்தச் சனியன் பிடித்த ரிங் தேய்ந்துகொண்டே இருந்தது. அருமைநாயகம் எதிலும் குறை வைக்கவில்லை. மணிக்கொரு தரம் மெஷினை நிறுத்துவார். ரிங்கைக் கழற்றி, அசிட்டோனில் கழுவி, மின்தராசில் எடை பார்த்து, மறுபடி மாட்டி ஓட்டுவார். ஒவ்வொரு தரமும் எடை குறைந்திருக்கும். எண்ணெயை மாற்றிப் பார்த்தார். பாரத்தைக் குறைத்துப் பார்த்தார். புதிதாக ஒரு ரிங்கே வார்த்தும் பார்த்தாயிற்று. எதற்கும் அது மசியவில்லை. அன்றைக்கு எடை பார்த்த கையோடு மணிமொழியின் அறைக்குள் போய் நின்றார்.

"இரும்பு சரியில்ல மேடம். எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடலாமா?"

மணிமொழி உட்காரச் சொன்னார். இதை நல்ல இரும்பென்று எதை வைத்து நம்பினீர்கள், முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார்.

அருமைநாயகம் ஆரம்பித்தார். இரண்டு வாக்கியம்கூட முடியவில்லை, மணிமொழி கையைக் காட்டி நிறுத்தினார். இதுவரை எனக்கு எவ்வளவு புரிந்திருக்கும் என்று கேட்டார். இப்போதுதானே வாயைத் திறந்தேன், என்ன புரிந்திருக்கும் என்றார் இவர். சரி, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார் மணிமொழி.

மறுபடி ஆரம்பித்தார். மறுபடி அதே கை, அதே கேள்வி.

மூன்றாவது தரம் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இரும்பில் என்ன சேர்த்தோம், எதற்காகச் சேர்த்தோம் என்று விஷயத்துக்கு வருகிற நேரம். கை எழுந்துவிட்டது.

"இப்ப எவ்வளவு புரிஞ்சிருக்குன்னு பாத்துடலாமா சார்?"

அருமைநாயகத்துக்கு மண்டை காய்ந்துவிட்டது. வழிகாட்டியாயிற்றே, நாளைக்கு ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவராயிற்றே என்றெல்லாம் யோசிக்கிற நிலையில் அவர் இல்லை.

"என்ன மேடம் விளையாட்டு இது? நாலு வார்த்தை சேந்தாப்ல சொல்ல விட்டாத்தானே ஏதாவது புரியும்? நிமிஷத்துக்கு ஒரு தரம் நிறுத்தி நிறுத்திப் பாத்தா, ஒவ்வொரு தடவையும் நான் முதல்ல இருந்துல்ல ஆரம்பிக்க வேண்டியிருக்கு?"

மணிமொழி சிரிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஆய்வகத்தைக் காட்டினார்.

"அந்த ரிங்கும் உங்ககிட்ட அதைத்தான் சார் கேக்குது."