தாயுமானவன் வளர்த்த வெங்காயம்

காவிரிக் கரையில், முசிறிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன ஆசிரமம். அதன் அடுப்படிக்குள் வெங்காயமும் பூண்டும் நுழைந்ததே இல்லை. ஆசிரமத்தை நடத்தியவர் ஞானாம்பிகை அம்மா. நாற்பதைத் தாண்டியவர், அவ்வளவுதான். சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

அவர்களில் ஒருவர் தாயுமானவன். கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். விடிவதற்கு முன்னால் வீட்டை விட்டுக் கிளம்பி வருவார். விளக்கு வைத்து நேரமான பிறகுதான் திரும்புவார். பேச ஆரம்பித்தால் லேசில் விடமாட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் தன்மேல் தனக்கே கொஞ்சம் அதிக மரியாதை.

ஒரு நாள் அவர் அம்மாவிடம் காவி கேட்டார்.

“எனக்குத் துறவு கொடுங்கம்மா. இனி இங்கேயே இருந்துடறேன்.”

“இதுவரைக்கும் எதை விட்டிருக்கீங்க ஐயா?”

“பதினோரு வருஷமா வெங்காயத்தைக் கையால தொட்டதில்லை. வெங்காய சாம்பார்னா எனக்கு உயிர். ஒரே நாள்ல விட்டேன்.”

“வீட்ல சம்மதமா? மனைவி சம்மதிக்காம இங்கே யாருக்கும் காவி கொடுக்கறதில்லை. உங்களுக்குத் தெரியுமே.”

“சௌந்தரவல்லிக்குப் பூரண சம்மதம்.”

“சொன்னாங்களா?”

“அவ என் பேச்சுக்கு மறுபேச்சு பேசினதே இல்லைம்மா.”

அம்மா எழுந்து வாசலுக்குப் போனார். தெருவோடு போன காய்கறி வண்டியை நிறுத்தி ஒரு கை சின்ன வெங்காயம் வாங்கினார். கிணற்றடியில் கிடந்த பழைய பெயின்ட் வாளியையும் எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார்.

“இதை வளர்த்துக் காட்டுங்க. அப்புறம் பேசலாம்.”

தாயுமானவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“வெங்காயமா? ஆசிரமத்துலயா?”

“சாப்பிடத்தானே கூடாது. நடக்கூடாதுன்னு யார் சொன்னது?”

“கத்தரி, வெண்டைன்னா நம்ம சமையலுக்காவது ஆகும். ஏன்மா வெங்காயம்?”

“நீங்க விட்ட பொருள் அதுதானே. அது என்ன ஆகுதுன்னு பார்ப்போமே.”

தாயுமானவன் தலையாட்டிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலையில் வைத்தார். ஆணியைக் காய்ச்சி வாளியின் அடியில் ஓட்டை போட்டார். செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பினார். அதுவரைக்கும் சரி. வெங்காயத்தைக் கையில் எடுத்ததும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. இதில் மேல் எது, கீழ் எது? சாம்பாரில் மிதந்ததைத்தான் அவர் பார்த்திருக்கிறார். யாரிடமும் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. கைக்கு வந்தபடி எல்லாவற்றையும் ஆழமாகப் புதைத்தார்.

பத்துப் பதினைந்து நாள் ஆகியும் ஒன்றிரண்டுதான் எட்டிப் பார்த்தன. அவையும் கோணல்மாணலாக வந்தன. அம்மா ஒரு நாள் அந்தப் பக்கம் வந்து மண்ணைக் கிளறினார்.

“ஐயா, பாதி வெங்காயம் தலைகீழா நிக்குது.”

“எது தலைன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?”

“வேர் தாடி மாதிரி இருக்கும். அது கீழே. கூர் முனை மேலே. பாதி புதைஞ்சா போதும்.”

மறுபடி நட்டார். இந்தத் தடவை விறுவிறுவென்று வந்தன. தாள் நிமிர்ந்து, உள்ளே காற்று அடைத்ததுபோல் பச்சையாக நின்றது. தாயுமானவனுக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. காலையில் தியானத்துக்குக் கண்ணை மூடினால் வாளிதான் தெரிந்தது. மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பார். காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றுவார், ஈரமிருந்தால் விட்டுவிடுவார். அதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

வெங்காயம் பருத்து மண்ணுக்கு மேலே சிவப்பாகத் தெரிய ஆரம்பித்ததும் அவருக்குப் பயம் வந்தது. பக்தர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? மண்ணை அள்ளி மூடினார். மறுநாள் அம்மா அதைத் தள்ளிவிட்டார்.

“மூடாதீங்க. மேலே இருந்தாத்தான் அது பருக்கும்.”

“பார்க்கறவங்க என்னைப் பத்தி என்ன பேசுவாங்கம்மா?”

“வெங்காயத்தைப் பத்தி யோசிங்க ஐயா. உங்களைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்.”

கடைசியில் ஒரு நாள் தாள்கள் மஞ்சளடித்துச் சாய்ந்தன. தாயுமானவன் பதறிப்போய்க் குடம் குடமாகத் தண்ணீர் தூக்கினார். அம்மா ஓடிவந்து குடத்தைப் பிடித்தார்.

“ஊத்தாதீங்க, அழுகிடும். சாஞ்சா விளைஞ்சிடுச்சுன்னு அர்த்தம்.”

“செத்துப்போச்சுன்னு நினைச்சேன்மா.”

“பிடுங்கிப் பாருங்க.”

பிடுங்கினார். ஒரு வெங்காயம் நட்ட இடத்தில் நாலைந்து ஒட்டிக்கொண்டு வந்தன. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பேரன் பிறந்த மாதிரி இருந்தது. தாளோடு சேர்த்து நிழலில் காயவைத்து, கொத்தாகக் கட்டி அம்மாவிடம் கொண்டுவந்தார்.

“விளைஞ்சிடுச்சும்மா. இப்போ காவி கொடுப்பீங்களா?”

“இங்கே இதைச் சாப்பிட ஆளில்லை. யாருக்குப் பிடிக்கும்?”

“சௌந்தரவல்லிக்குப் பிடிக்கும். பழைய சோத்துக்கு இது இல்லாம அவளுக்கு இறங்காது. ஆனா நான் விட்டதும் எனக்காக அவளும் விட்டுட்டாளே.”

“கொண்டுபோய்க் கொடுங்க. உங்களுக்காக விட்டாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க.”

இதையெல்லாம் போய்க் கேட்பதா என்று முனகிக்கொண்டேதான் போனார். மறுநாள் வரும்போது அவர் முகம் தொங்கிப் போயிருந்தது.

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணை உரிச்சு, பழைய சோத்தோட கடிச்சா. எதிர் வீட்டு ஸ்டெல்லா டீச்சர் வீட்லதான் இத்தனை வருஷமா தின்னேன், இன்னைக்குத்தான் என் வீட்ல தின்றேன்னு சொன்னா.”

“கோபப்பட்டீங்களா?”

“கோபம் வந்துச்சு. ஆனா அவ கண்ணுல தண்ணி. வெங்காயமான்னு கேட்டேன். இல்லைன்னு சொன்னா.”

தாயுமானவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

“துறவைப் பத்தியும் கேட்டேன்மா. கல்யாணம் ஆனதுலேர்ந்து இப்போதான் என்னை ஒண்ணு கேட்டிருக்கீங்க, உடனே பதில் வேணுமான்னு கேட்டா. எனக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. அவ இப்படிப் பேசுவான்னே எனக்குத் தெரியாது.”

“பதில் சொன்னாங்களா?”

“இன்னும் இல்லை. எனக்குக் காவி எப்போம்மா?”

அம்மா காலி வாளியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“வீட்டுக்குக் கொண்டுபோங்க. இந்தத் தடவை அங்கே வளருங்க.”

“வீட்ல எங்கே வைக்கறது?”

“வெயில் நல்லா விழற இடத்துல.”

தாயுமானவன் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். அடுப்படி ஜன்னலா, பின்கட்டா, மாடிப்படியா? வெகுநேரம் யோசித்தார்.

“எங்க வீட்ல வெயில் எங்கே விழும்னு எனக்குத் தெரியலையேம்மா.”

“அவங்களுக்குத் தெரியும்,” என்றார் அம்மா. “கேளுங்க.”