நடு மூடிக்கு ஒரு நாமம்

நாவல்துறைப் பெருமானுக்கு அடியவராக வாழ்ந்தவர்களுள் மாசிலாமணியாரும் ஒருவர். அவர் பதிகம் பாடவில்லை, கோபுரம் எழுப்பவில்லை. கால்நடை நோய் ஆய்வகத்திலிருந்து கிருமி உள்ள குழாய்களைப் பெட்டிகளில் அடைத்து வெளியூருக்கு அனுப்புவதே அவர் செய்த தொழில்.

விடியலில் நீராடி, நீறணிந்து, சந்நிதித் தெருவைப் பெருக்கிவிட்டுத்தான் வேலைக்கு வருவார். டாக்டர் மங்களேஸ்வரி ஒவ்வொரு குழாயையும் ஆராய்ந்து, இது சாதாரண வகை, இது உயிரையே பறிக்கும் முதல் வகை என்று பிரித்துக் கொடுப்பார். அதன்பின் மாசிலாமணியாரின் பணி தொடங்கும். குழாயின் மூடியை இறுக்கிப் பஞ்சு சுற்றுவார். அதை ஒரு டப்பாவுக்குள் வைத்து, ரப்பர் வளையம் பொருத்தி, அந்த நடு மூடியைத் திருகுவார். அந்த டப்பாவைக் கெட்டியான அட்டைப்பெட்டிக்குள் இறக்கி ஒட்டுவார். ஒவ்வொன்றையும் மூடும்போது 'சிவாயநம' என்பார். அந்தப் பெட்டியை எங்கோ தூக்கப்போகும் முகம் தெரியாத மனிதர்களுக்காக அவர் செய்த பிரார்த்தனை அது.

"என்ன அடியாரே, கிருமிக்கும் தீபாராதனையா? சுண்டல் எப்ப?" என்று மேற்பார்வையாளர் சகாயராஜ் சிரிப்பார். ஊராரின் சிரிப்பு இன்னும் கசப்பானது. கிருமிக்காரர் வீடு என்று உறவினர்கள் அவர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. கோயிலில் அவர் மனைவி கோமளம் நின்றால் பக்கத்தில் நிற்பவர்கள் மெல்ல விலகுவார்கள். இருவரும் அதற்காக ஒருநாளும் கோயில் வாசலை மறந்ததில்லை.

பங்குனித் திருவிழாவில் பெருமான் ரிஷப வாகனத்தில் எழுந்தருளும் மாலை அது. திரை விலகும் அந்தக் கணத்துக்காக இருவரும் ஆண்டு முழுவதும் காத்திருப்பார்கள். அன்று பார்த்து, மாட்டையும் மனிதரையும் கொல்லும் அடைப்பான் நோய்க் கிருமியை வளர்த்த குழாய் ஒன்று வந்தது. முதல் வகை. மாசிலாமணியார் அதைப் பெட்டியில் அடைத்து, வேனில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கோயிலுக்கு ஓடினார்.

கோமளம் அரக்குப் புடவையில் காத்திருந்தார். தவில் முழங்கியது. மாசிலாமணியாருக்கோ நிலைகொள்ளவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே எதையோ திருகிக்கொண்டிருந்தன. குழாய்க்கு நாமம் சொன்னது நினைவிருந்தது. அட்டைப்பெட்டிக்கும் சொல்லியிருந்தார். இடையில்? டப்பாவை எடுத்தபோது சகாயராஜ், "சாமி கிளம்பப் போவுது, இன்னும் நீர் கிளம்பலியா?" என்று கேட்டதும், "இதோ" என்று தாம் சொன்னதும் நினைவுக்கு வந்தன. அந்த 'இதோ'வுக்குப் பிறகு நாமம் நாவில் வந்த நினைவே இல்லை. வளையத்தைப் பொருத்தினோமா? மூடியைத் திருகினோமா, வெறுமனே வைத்தோமா?

வேன் ஓட்டும் அன்வரைக் கைபேசியில் அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"என்னங்க, வேர்த்துக் கொட்டுது?" என்றார் கோமளம்.

அவர் சொன்னார். திரை விலக இன்னும் சற்று நேரமே இருந்தது. கோமளம் ஒருமுறை திரையைப் பார்த்தார். பிறகு கணவரின் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

"போங்க. இங்க நின்னா சாமி தெரியாது உங்களுக்கு, டப்பாதான் தெரியும். உங்களுக்கும் சேத்து நான் கும்பிட்டுக்கிறேன்."

மொபெட் கடைத்தெருவைத் தாண்டியது. வேன் இந்நேரம் நெடுஞ்சாலையை நெருங்கியிருக்கும். ஏறிவிட்டால் பிடிக்க முடியாது. பள்ளம் ஒவ்வொன்றிலும் அவர் மனம் துள்ளி விழுந்தது. பின்னால் வேட்டுச் சத்தம் கேட்டது. திரை விலகிவிட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "அன்வரைக் காப்பாத்து, அன்வரைக் காப்பாத்து" என்று மட்டும் முணுமுணுத்தார்.

பாலத்துக்கு முன் திருவிழாக் கூட்டம் வழிமறித்தது. சுற்றுத்தெருவில் மொபெட்டை உருட்டிக்கொண்டு அலைந்து, முட்டி மோதி, அவர் சாலைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அங்கே வேன் நின்றுகொண்டிருந்தது.

"வாங்க மாமா! அரை மணியா நிக்கிறேன்," என்று அலுத்துக்கொண்டார் அன்வர். "வாகனத்துல கயிறு தளந்துருச்சாம். உங்க சாமி நகர மாட்டேங்குது. வழியில வேற ஒரு பொட்டி ஏத்தப் போனதுல முன்னாடியே லேட்டு, போனையும் வண்டியிலயே விட்டுட்டேன்."

மாசிலாமணியார் நிமிர்ந்தார். வேனுக்கு நேர் எதிரே, சாலையை அடைத்துக்கொண்டு, வெள்ளி ரிஷபத்தின்மேல் நாவல்துறைப் பெருமான் நின்றிருந்தார். தீவட்டி வெளிச்சத்தில் அவர் முகம் இவரையே நோக்கியிருந்தது. அடியார் கை கூப்பினார். கண்ணீர் வழிந்தது. ஆனால் அவர் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

"வண்டியைத் திருப்பு தம்பி. பொட்டியை இங்க தொறக்கக் கூடாது."

"பிளைட்டு போயிரும் மாமா! உங்க வேலையும் போயிரும்!"

"போகட்டும். மொதல்ல திருப்பு."

ஆய்வகத்தில், கண்ணாடித் தடுப்புள்ள பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்து டாக்டர் மங்களேஸ்வரியே திறந்தார். நடு மூடி வெறுமனே வைக்கப்பட்டிருந்தது, வளையம் இல்லை. உள்ளே குழாயில் மயிரிழை விரிசல். பஞ்சு ஈரமாகத் தொடங்கியிருந்தது. இன்னும் சில மணி நேரம் குலுங்கியிருந்தால் அது வெளியே கசிந்திருக்கும்.

"என் தப்பும்மா," என்றார் மாசிலாமணியார்.

"தப்புதான். ஆனா திரும்பி வந்தீங்களே," என்றார் டாக்டர்.  புதிய குழாயில் மாற்றி அடைத்தபோது, டப்பாவின் வளையத்தைச் சகாயராஜே எடுத்துக் கொடுத்து, "நாமத்தைச் சொல்லும்யா, நான் குறுக்க பேசல," என்றார்.

கோமளம் வீட்டு வாசலில் விபூதியோடு காத்திருந்தார். "கயிறு முடிச்சு இறுக்கமாத்தான் இருந்துச்சாம். எப்படித் தளந்துச்சுன்னு குருக்களுக்கே புரியலியாம்," என்றார்.  அப்போதுதான் மாசிலாமணியாரின் விரல்கள் அடங்கின.

தம் தரிசனத்தை விட்டுப் பிறர் உயிருக்காக ஓடிய அடியவர்க்கு, பெருமான் நடுச்சாலையில் நின்று காட்சி தந்தார். நடு மூடிக்கு நாமம் மறந்ததை நினைத்துப் பதறிய அந்த நல்ல நெஞ்சுக்கு நம் வணக்கம்.