எந்தக் கடிதம் மேலே?

கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை பெற்ற ஒருவர் தம் துணையையும் அங்கே தங்கவைக்க வேண்டுமானால், முதலில் தாலி ஏறியிருக்க வேண்டும் என்று யாழ்ப்பாணத்திலும் ஸ்காபரோவிலும் படித்தவர்களே நம்பிவருகிறார்கள். இது பாரதூரமான பிழை. இதனால் எத்தனை மண்டபங்கள் அவசரமாகப் பதிவு செய்யப்பட்டிருக்கும் என்று எண்ணும்போது மனம் கலங்குகிறது. மணமாகாத இருவர் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து ஒரே வீட்டில் குடும்பமாக வாழ்ந்திருந்தாலும் சட்டம் அவர்களைத் துணைகள் என்று ஏற்கும். வாழ்ந்ததற்குக் காகிதம் மட்டும் கேட்கும்.

நிரோஜினியிடம் அந்தக் காகிதம்தான் இல்லை.

ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட் வீட்டில் அவளும் பிரதீபனும் பதினான்கு மாதமாக ஒன்றாக வாழ்ந்துவந்தார்கள். அவளுக்கு வதிவிட உரிமை இருந்தது. அவனுடைய வேலை அனுமதி இன்னும் ஏழு வாரத்தில் முடிகிறது. அதன்பின் அவன் கொழும்புக்கு விமானம் ஏற வேண்டியதுதான். நாளைக்கே எழுத்தை வைத்துவிடலாம். திருமணப் பதிவை யாழ்ப்பாணத்தார் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் கொக்குவிலில் இருந்த தாய் தவமலர், ஆறு மாதத்துக்கு முன் சம்பந்தத்துக்குத் தலையாட்டிய அன்றே, வியாழ மாற்றம் என்ற குருப்பெயர்ச்சி வரும்வரை எழுத்தும் இல்லை, தாலியும் இல்லை என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். வியாழன் நகர இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

சேர்ந்து வாழ்வதைப் பற்றித் தாய் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்பதால் மகள் கேட்கவில்லை.

மறைப்பதற்கு இருவரும் பெரும்பாடு பட்டார்கள். வாடகை ஒப்பந்தம் அவள் பெயரில் மட்டும். அவனுடைய வங்கிக் கடிதங்கள், சாரதி அனுமதிப்பத்திரம் எல்லாம் நண்பன் கஜமுகனின் முகவரியில். இருவரும் சேர்ந்து படம் எடுத்தால் அவன் நிற்கும் பாதியை வெட்டிவிட்டுத்தான் சேமிப்பாள். ஞாயிறு காலையில் தாயின் வீடியோ அழைப்பு வந்ததும் பிரதீபன் தன் சப்பாத்துகளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சலவை இயந்திரத்துக்குப் பின்னால் நிற்பான்.

"என்ன சமைச்சனீ?"

"சோறும் கத்தரிக்காய்க் குழம்பும்."

"எவ்வளவு அரிசி போட்டனீ?"

"ஒரு சுண்டு."

"முந்தி அரைச் சுண்டுதானே?"

"குளிருக்குப் பசிக்குது அம்மா."

"ம். தூள் இருக்கோ?"

"முடியப்போகுது."

தவமலர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கமாட்டார். அந்தக் கிழமையே ஒரு கிலோ மிளகாய்த்தூளை இடிப்பித்துத் தபாலில் சேர்த்துவிடுவார். நிரோஜினி பெரிய பொய்களைத் தடுமாறாமல் சொல்லக்கூடியவள். அளவுகளில் பொய் சொல்ல அவளுக்கு வராது.

குடிவரவு ஆலோசகர் அருமைநாயகம் கோப்பைப் புரட்டி முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கச்சி, இருபது வருசமாக் கள்ளச் சோடியளைப் பாத்திருக்கிறன். அவையள் கலியாணப் பட அல்பமே கொண்டு வருவினம். உண்மையான சோடி ஒண்டு இவ்வளவு துப்புரவாத் தடயத்தை அழிச்சதை இண்டைக்குத்தான் பாக்கிறன். ரெண்டு பேற்றை பேரும் உள்ள ஒரு கடதாசி? ஒரு கரண்ட் பில்?"

"கரண்ட் வாடகையோடை சேர்த்து, அண்ணை," என்றான் பிரதீபன்.

"அப்ப, சேர்ந்து இருக்கிறியள் எண்டு தெரிஞ்ச ஆற்றையேன் கடிதம் எடுங்கோ."

இருவரும் சேர்ந்து ஒரு சத்தியக் கடதாசி எழுதிக் கையெழுத்திட்டார்கள். கஜமுகன் தன் முகவரியைத் தலைப்பில் போட்டு, ஒவ்வொரு வெள்ளியும் அவர்கள் வீட்டில் கேரம் விளையாடுவதாகவும் அவர்களின் குடித்தனத்தைக் கண்ணால் கண்டதாகவும் மூன்று பக்கம் எழுதினான். அதுவும் போதாது என்றார் அருமைநாயகம்; குடும்பத்தில் ஒருவர் வேண்டும். நிரோஜினி தாயை அழைத்தாள்.

"அம்மா, ஒண்டு சொல்லவேணும். பிரதீபன் இஞ்சை என்னோடைதான் இருக்கிறார். குடிவரவுக் கந்தோருக்கு ஒரு கடிதம்..."

"ஆற்றை பேருக்கு எழுதவேணும்?"

"கோவமில்லையோ?"

"எழுத்து வேண்டாம், தாலி வேண்டாம் எண்டுதான் சத்தியம் வாங்கினனான். அந்தத் தம்பிக்குச் சோறு போடாதை எண்டு வாங்கேல்லையே."

பத்து நாளில் கடிதம் வந்தது. இரண்டே வரி. 'போன வருடம் ஐப்பசியிலிருந்து இவர்கள் ஒன்றாக வாழ்கிறார்கள். இதை நான் அறிவேன்.' மாதம் சரி. ஆனால் மகள் மாதத்தைச் சொல்லியிருக்கவில்லை. கடிதத்தோடு தபாற்கந்தோர்ப் பற்றுச்சீட்டுகள் பத்துக் குத்தப்பட்டிருந்தன: ஐப்பசிக்கு முந்திய ஓராண்டில் மூன்று, பிந்திய பதினான்கு மாதத்தில் ஏழு. ஒவ்வொன்றும் ஒரு கிலோ தூள் அனுப்பியதற்கு.

மேலே இருக்கும் கடிதத்தைத்தான் அதிகாரி முழுக்கப் படிப்பார் என்பது அருமைநாயகத்தின் அனுபவம். அவருக்கு முன்னால் இப்போது மூன்று கடதாசிகள் கிடக்கின்றன. வாழ்ந்தவர்களின் சத்தியம், கண்டவனின் சாட்சி, எட்டாயிரம் மைலுக்கு அப்பால் எதையுமே காணாத தாயின் இரண்டு வரி. வாசகர் இங்கே நின்று பதில் சொல்லவும்: எதை மேலே வைப்பது சரி?

தாயினுடையதை. சோடியின் சத்தியம் தமக்காகத் தாமே சொல்வது. கஜமுகன் சொல்வது அத்தனையும் உண்மை. ஆனால் அவன் கடிதத்தின் தலைப்பில் உள்ள முகவரியில்தான் பிரதீபன் வசிப்பதாக வங்கி எழுதி வைத்திருக்கிறது. தவமலர் ஏமாற வேண்டியவர். பதினான்கு மாத ஒளிப்பு மறைப்பெல்லாம் அவர் ஒருவருக்காகவே நடந்தது. அவரோ அரைச் சுண்டு ஒரு சுண்டானதையும், நான்கு மாதம் போதுமாயிருந்த தூள் இரண்டு மாதத்தில் தீர்வதையும் கவனித்து, பேசாமல் பொதிகளை இரட்டித்தார். அந்தச் சீட்டுகளில் திகதி முத்திரை விழுந்தபோது விண்ணப்பம் என்ற பேச்சே இல்லை. சாட்சி சொல்வதற்கென்று தயாரிக்காத காகிதம் அது ஒன்றுதான்.

அருமைநாயகம் அதையே மேலே வைத்தார். விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அடுத்த பொதியில் இரண்டு கிலோ தூள் வந்தது. பெறுநர் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன, பிரதீபனுடையது முதலில்.