செம்பி போட்ட மூன்று சுற்று

அந்தக் காலத்தில் நாய்க்கும் பேச்சு இருந்தது, பாம்புக்கும் பேச்சு இருந்தது. ஆனால் பாம்பின் குரல் ரொம்பச் சன்னம். பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் கேட்கும். வம்பெல்லாம் அதனால்தான் வந்தது.

வறண்ட ஓடைக்கரை ஒன்றில் இருளாயி என்பவள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காவல் மூன்று நாய்கள்: செம்பி, அவள் அண்ணன் கரியன், செம்பியின் ஒரே குட்டி மொட்டை. உச்சி வெயிலில் ஆடுகள் உடைமர நிழலில் ஒதுங்கும். நாய்களும் வந்து நின்ற இடத்திலேயே தொப்பென்று விழும். இருளாயி மட்டும் அப்படிப் படுக்கமாட்டாள். கம்பால் தரையைத் தட்டிக்கொண்டு, காலை அழுத்தி வைத்து, படுக்கப்போகும் இடத்தை மூன்று முறை சுற்றுவாள். அப்புறம்தான் துண்டை விரிப்பாள்.

"சாமியச் சுத்துது நம்ம ஆத்தா. நமக்கு எதுக்கு அதெல்லாம்?" என்று கரியன் கிண்டலடிப்பான்.

"நாலு கால் இருந்தும் ஒரு சுத்து சுத்த ஒடம்பு வணங்கல ஒங்களுக்கு" என்று இருளாயி திட்டுவாள். யார் கேட்டார்கள்?

ஒருநாள் கரியன் அப்படி விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை. சுருட்டை விரியன் தீண்டிவிட்டது. ஒரு முழம்கூட இராத பாம்பு. அப்போது அதன் உடம்பு எண்ணெய் பூசிய மாதிரி வழவழவென்று இருக்கும். ஊர்ந்தால் ஒரு சத்தம் வராது.

செம்பி அழுதாள். அழுது முடிந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. மொட்டை எதைக் கண்டாலும் மூக்கை நுழைக்கிறவன். அடுத்தது அவன்தான். பயத்துக்கு நடுவில் ஒரு கேள்வியும் அவளைக் குடைந்தது. இத்தனை வருஷமாக இருளாயியும் அதே நிழலில்தான் படுக்கிறாள். அவளை மட்டும் ஏன் ஒன்றும் செய்யவில்லை?

கேட்டே விடுவது என்று, உடைமரத்தடியில் விரியன் குடியிருந்த புதருக்குப் போனாள். எட்ட நின்று குரல் கொடுத்தாள். விரியன் தலையை நீட்டியது. செம்பி காதைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அந்தம்மா நடக்குறது தரை வழியா எனக்குத் தெரியும். மூணு சுத்து முடியுறதுக்குள்ள பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு நகந்துருவேன். நீங்க சொல்லாம கொள்ளாம மேல விழுறீக. ஒங்க அண்ணன் விழுந்ததுல என் பிள்ளைக ரெண்டு நசுங்கிப் போச்சு. கத்துனேன். அவனுக்குக் கேக்கல. எனக்குக் கையா இருக்கு, தள்ளிவிட? பல்லுதான் இருக்கு."

செம்பி சொன்னாள்:

"இனி நான் சுத்திட்டுத்தான் படுப்பேன். என் குட்டிக்கும் பழக்கிருவேன். ஆனா அவன் ஓடுற ஓட்டத்துலயே மோப்பம் பிடிக்கிறவன். நீ இருக்கன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்கு நான் சத்தம் போடணும். என் குரலு, காதக் கொடுத்தாத்தான ஒனக்கே கேக்குது."

செம்பி விரியனை உற்றுப் பார்த்தாள். அன்று காலையில்தான் அது சட்டை உரித்திருந்தது. புதுத்தோல் ஈரமாக, பிசுபிசுவென்று மின்னியது. இருளாயி சொரசொரப்பான கல்லில் அரிவாள் தீட்டும் சத்தம் ஓடைக்கு அந்தப் பக்கம்வரை கேட்பது செம்பிக்கு நினைவு வந்தது.

"ஓடையில பருமணல் கெடக்கு. இப்பப் பொரண்டா ஒட்டிக்கிரும். சொரசொரன்னு ஆயிட்டா ஒடம்ப ஒடம்போட ஒரசு. சத்தம் வரும்."

"இந்த எளந்தோலோட சுடுதரையில அம்புட்டுத் தூரம் ஊர முடியுமா?"

"நான் தூக்கிட்டுப் போறேன்."

விரியன் பின்வாங்கியது. "ஒன் வாயிலயா?"

"நான் பல்ல அழுத்துனா நீ செத்த. நீ கொத்துனா நான் செத்தேன். சரிக்குச் சரிதான?"

குட்டியைக் கவ்வுவது போல, பல் படாமல், செம்பி அதைக் கவ்வினாள். அண்ணனைக் கொன்ற பாம்பு அவள் நாக்கின் மேல் கிடந்தது. பிள்ளைகளை நசுக்கியவனின் தங்கை வாயில் அது கிடந்தது. ஒரு கடி போதும். இரண்டு பேருமே கடிக்கவில்லை.

ஓடை மணல் கொதித்தது. விரியன் பல்லைக் கடித்துக்கொண்டு புரண்டது. தோல் காய்ந்தபோது உடம்பு முழுவதும் அரம் மாதிரி ஆகியிருந்தது. செம்பி அதைத் திரும்பக் கொண்டுவந்து புதரில் விட்டாள்.

அவள் நிமிர்வதற்குள் மொட்டை ஓடி வந்துவிட்டான், மூக்கை நீட்டிக்கொண்டே. அம்மா கத்தியது அவன் காதில் விழவில்லை. விரியன் சுருண்டது. சுருளோடு சுருளை உரசியது.

'சர்ர்ர்ர்...'

மொட்டை அப்படியே நின்றான். காது இரண்டும் விறைத்தன. ஒரு அடி பின்னால் வைத்தான், இன்னொரு அடி வைத்தான், அப்புறம் ஒரே ஓட்டமாக வந்து செம்பியின் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டான். அவள் அவன் தலையை நக்கிக் கொடுத்தாள்.

மறுநாள் உச்சி வெயிலில் செம்பி நிழலுக்கு வந்து மூன்று சுற்று சுற்றினாள். மொட்டையும் பின்னாலேயே சுற்றினான். இருளாயி சிரித்தாள்.

"என்னடி, நீயும் சாமி சுத்த ஆரம்பிச்சுட்டியா?"

"இல்ல ஆத்தா. கீழ இருக்கவுகளுக்குச் சொல்லிட்டுப் படுக்குறேன்."

அன்று பிடித்த பழக்கம்தான். இன்றைக்கும் சுருட்டை விரியன் உடம்பை உரசிச் சத்தம் கொடுத்த பிறகுதான் தீண்டும். நாயோ, பாம்பே வராத மாடி வீட்டு வழவழப்பான தரையில்கூட, கீழே யாரோ பிள்ளைகளோடு இருப்பது போல, மூன்று சுற்று சுற்றிவிட்டுத்தான் படுக்கும்.