சிறுகுறிஞ்சான் பறித்த நாள்

"அம்மா, ஆசை செத்துப்போச்சு. இன்னைக்கே காவி குடுங்க."

மூச்சிரைக்க ஓடிவந்து இப்படிக் கேட்டவர் பூவலிங்கம் அண்ணாச்சி. முப்பது வருஷம் அல்வா கிண்டிய கை. போன மாசம் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு, பெண்டாட்டி அழ அழ மலையடி மருந்து மடத்துக்கு வந்துவிட்டார். மடத்துக் குரு செண்பகவடிவுக்கு அவர் மகள் வயசு. இருந்தால் என்ன, குரு குருதான்.

"எப்படிச் செத்தது?"

"சர்க்கரைப் பொங்கல் தந்தாங்க. மண்ணு மாதிரி இருந்துச்சு தாயே. ஒரு பிடி வெல்லத்தை அள்ளிப் போட்டேன். அதுவும் மண்ணு. என்னை ஆட்டிவெச்ச இனிப்பு ஒழிஞ்சுது."

மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. சிரிக்கிறார், கண்ணைத் துடைக்கிறார், மறுபடி சிரிக்கிறார்.

"காலையில என்ன வேலை செஞ்சீங்க?"

"வேலியில சிறுகுறிஞ்சான் இலை பறிச்சேன், நீரிழிவுச் சூரணத்துக்கு. வேற கொடி கலந்துடக் கூடாதுன்னு ஒவ்வொரு கொடியிலயும் மென்னு பார்த்துத்தான் பறிச்சேன்."

செண்பகவடிவு அவருடைய பச்சை நாக்கைப் பார்த்தாள். சிறுகுறிஞ்சானுக்குச் சர்க்கரைக்கொல்லி என்றும் பேர். மென்ற நாக்குக்குக் கொஞ்ச நேரம் இனிப்பே தெரியாது. மடத்தில் இது தெரியாத ஆள் இவர் ஒருத்தர்தான். அவளும் சொல்லவில்லை.

"மத்தியானம் காவி தர்றேன். அதுவரைக்கும் அந்த இலையை நிழல்ல உலர்த்துங்க. வாயில மட்டும் எதையும் போட வேண்டாம்."

மத்தியானம் பேச்சியம்மை வந்துவிட்டாள். புருஷன் காவி கட்டப்போகிற சேதி அதற்குள் ஊருக்கு எட்டிவிட்டது. கையில் தூக்குவாளி. அழுவாள் என்று பார்த்தால், அழவில்லை.

"கருப்பட்டிப் பணியாரம். கடைசியா ஒண்ணு தின்னுட்டு எங்க வேணும்னாலும் போங்க."

"தின்னா என்ன? எனக்கு இனி எல்லாம் மண்ணுதான், ஏட்டி," என்று எடுத்து வாயில் போட்டார் பூவலிங்கம்.

மென்றார். பாதியில் நிறுத்தினார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"ஏட்டி... பேச்சி..."

செண்பகவடிவு காவி வேட்டியை நீட்டினாள்.

"இப்போ துப்புங்க அண்ணாச்சி. துப்பின கையோட வாங்கிக்கோங்க."

பூவலிங்கம் காவியைப் பார்த்தார். பேச்சியம்மையைப் பார்த்தார்.

விழுங்கிவிட்டார்.