மயிலை நின்ற பக்கம்

செவலைக் காளை தன் ஜோடியான மயிலையை உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஒரு லாரியின் மேலே. கழுத்தைத் திருப்ப முடியாதபடி மாடுகளை நெருக்கி ஏற்றியிருந்தார்கள். மயிலை கண்ணை மட்டும் தன் இடப்பக்கம் ஓட்டிக்கொண்டே போனது. பன்னிரண்டு வருடம் ஒரே நுகத்தடியில் அந்தப் பக்கம்தான் செவலை நின்றிருந்தது.

செவலைக்குப் பின்னங்காலில் நொண்டல். அடிமாட்டுத் தரகர் வேண்டாமென்று ஒதுக்கிவிட, ஏரிக்கரை வேப்பமரத்தடியில் மேய விட்டுவிட்டார்கள். வண்டி இழுத்த நாட்களில் மேடு ஏறும்போதெல்லாம் அந்தக் காலுக்காக மயிலைதான் தன் தோளில் கூடுதலாக இழுத்தது. அந்த நன்றியை யாரிடம் சொல்வதென்று செவலைக்குத் தெரியவில்லை. நின்றாலும் படுத்தாலும் வலப்பக்கம் ஒரு மாடு நிற்கும் அளவுக்கு இடம் விட்டு வைத்தது.

ஒரு நாள் காலையில் கோழிப்பண்ணை லாரி ஒன்று கரை வளைவில் குலுங்கியது. ஒரு கூண்டு திறந்துகொண்டு வெள்ளைக் கோழி ஒன்று புல்லில் விழுந்தது. முட்டை குறைந்துபோனதால் கறிக்கு அனுப்பிய கோழி. ஒன்றையொன்று கொத்தாமலிருக்கப் பண்ணையில் அதன் மூக்கு நுனியை வெட்டியிருந்தார்கள். விழுந்த இடத்தைவிட்டு அது ஓரடி நகரவில்லை.

ஏன் அங்கேயே நிற்கிறாய் என்று செவலை கேட்டது. சுற்றிலும் கம்பி இருக்கிறதே, இடிக்குமே என்றது கோழி. அங்கே கம்பி எதுவும் இல்லை. முறம் அகலக் கூண்டில் மூன்று கோழிகளோடு ஒடுங்கி நின்ற பழக்கம் அது.

புதரிலிருந்து நரி வந்தது. செவலை கோழிக்கு முன்னால் போய்க் கொம்பைத் தாழ்த்தியது. நரி பத்தடி தள்ளியே உட்கார்ந்துகொண்டது.

"அம்மணி, வெயிலும் மழையும் உங்களுக்கு ஆகாதுங்க. எங்க வளை சின்னது. ஆடாம அசையாம இருக்கலாம். தீனி நேரத்துக்கு வந்துரும்."

கோழிக்கு அது பழகிய வாழ்க்கையாகத் தோன்றியது. தண்ணீர்க் குழாய் உண்டா என்று ஆசையாகக் கேட்டது. இல்லாமலா என்றது நரி. கம்பியைத் தாண்டி எப்படி வருவேன் என்று கோழி கவலைப்பட்டது. பெரியவர் தண்ணீர் குடிக்கப் போகட்டும், நானே வந்து தூக்கிக்கொள்கிறேன் என்றது நரி.

வெயில் ஏறியது. செவலைக்கு நாக்கு வறண்டது. போனால் கோழி இருக்காது. போகாமல் எத்தனை நேரம் நிற்பது?

நரி சிரித்தது. "யாருக்குங்க பெரியவரே வலப்பக்கம் இடம் விட்டு நிக்கறீங்க? வராத ஆளுக்கா?"

செவலைக்குச் சுருக்கென்றது. பிறகு கோழியிடம் திரும்பியது.

"இது மயிலை நின்ன பக்கம். இங்க கம்பி கிடையாது, வா. நான் ஓரடி வெச்சா நீயும் ஓரடி வை. இடிக்கற மாதிரி இருந்தா என் காலோட ஒட்டிக்க."

கோழி கண்ணை மூடிக்கொண்டு ஓரடி வைத்தது. எதுவும் இடிக்கவில்லை. இன்னும் ஓரடி. நொண்டிக் காளையின் நடை அதற்குச் சரியாக இருந்தது. நரி பின்னாலேயே வந்தது.

ஏரி ஓரத்துப் பொடிமண்ணைக் கண்டதும் யாரும் சொல்லித் தராமலே கோழியின் கால்கள் சீய்த்தன. மண்ணில் புரண்டது. இரண்டு சிறகையும் விரித்தது. விரித்தபடியே வெகுநேரம் நின்றது.

"இவ்வளவு நீளமா எனக்கு?"

செவலை நிம்மதியாகத் தண்ணீர் குடித்தது.

"குளிச்சாச்சுங்களா அம்மணி? போலாமுங்களா?" என்றது நரி.

"உங்க வளையில றெக்கையை விரிக்கலாமா?"

"தீனி வருதே, றெக்கை எதுக்குங்க?"

"தீனி பண்ணையிலயும்தான் வந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கோழி செவலையின் வலப்பக்கம் போய் நின்றுகொண்டது. நரி பொழுது சாயும்வரை காத்திருந்துவிட்டுப் போனது.

அதன் பிறகு இரண்டும் சேர்ந்தே ஏரிக்குப் போயின. மொட்டை மூக்கால் உண்ணி பிடுங்க முடியவில்லையே என்று கோழி வருந்தியது. ஆனாலும் செவலையின் நொண்டிக் கால் புண்ணில் ஈ மொய்த்தால் சிறகால் விசிறியது. மயிலைக்குச் சொல்ல வேண்டிய நன்றி போய்ச் சேர்ந்துவிட்டதாகச் செவலைக்குத் தோன்றியது.

ஓர் உயிரை வளர்ப்பவர்கள் தீனியோடு, அது தன் சிறகை முழுவதும் விரிக்கும் அளவுக்கு இடமும் கொடுக்க வேண்டும்.

இரண்டும் இப்போது இல்லை. வேப்பமரத்தடியில் செவலை படுத்துவந்த இடத்துக்கு வலப்பக்கம், கோழி புரண்டு புரண்டு உண்டான குழி ஒன்று இருக்கிறது.